பனிக்காலத்தில் மின்னூர்தி

நம் முன்னோர் ஓர் ஆண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரும் முன்பனியுமே உரிய பெரும்பொழுதுகள் என அவர்கள் வகுத்தனர். மலையின் அழகும் அருமையும் அக்காலத்திலேதான் மிகுதியாகப் புலப்படுகின்றன. மலையில் வாழ்வோர் படும் இடர்களும் அக்காலத்திலேதான் மிகுதி.

சேலம் நகரை அடுத்து ஓங்கி நிற்கும் சேர்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். அம்மலைமீது அமைந்துள்ள ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கீழே உள்ள சேலம் நகரின் உயரமோ ஏறத்தாழ 280 மீட்டரே. இவ்விரண்டினையும் இணைக்கும் மலைச்சாலை இருபது கொண்டையூசி வளைவுகளை உடையது. ஏற்காடு வட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று மஞ்சக்குட்டை. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார் என்பர். அன்று தொடங்கிய காப்பித் தோட்டங்கள் இன்று மலைச்சரிவெங்கும் பரவியுள்ளன. மார்கழியிலும் தையிலும் காப்பிப் பழங்கள் சிவந்து நிற்கும். அவற்றைப் பறிக்கச் செல்வோர் விடியற்காலையிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாலையோரமாக நடந்து செல்வர். அவ்வேளையில் பனிமூட்டம் மரங்களையும் சாலையையும் ஒருங்கே மறைத்து நிற்கும்.

இத்தகைய மலையில் இப்பொழுது மின்சாரத்தால் இயங்கும் ஊர்திகளும் ஓடுகின்றன. "குளிரில் மின்னூர்தியின் வலிமை குன்றுமாமே? மலையில் ஏறும்போது நடுவழியில் நின்றுவிடாதா? இறங்கும்போது அதனை நம்பலாமா?" எனப் பலர் வினவுகின்றனர். இவ்வினாக்கள் பொருளற்றவை அல்ல. விடைகளை ஆராய்ந்து அறிவோர்க்கு மின்னூர்தி நல்ல துணையாகும். அறியாதார்க்கு அதுவே இடராகவும் முடியும். ஆதலின் பனிக்காலத்தில் மலைநாட்டில் மின்னூர்தியைச் செலுத்தும் முறையையும் பேணும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

மின்னூர்தியின் வரவு

மின்சாரத்தால் வண்டி ஓடுவது நமக்குப் புதுமையன்று. சென்னை நகரில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின; 1953-ஆம் ஆண்டு வரை அவை மக்களைச் சுமந்தன. ஆயினும் அவ்வண்டிகள் தலைக்குமேல் செல்லும் கம்பியிலிருந்து மின்சாரத்தைப் பெற்றன. கம்பியும் தண்டவாளமும் சென்ற இடத்திற்கே அவை செல்ல இயலும். விரும்பிய திசையில் செல்ல வேண்டுமாயின், மின்சாரத்தை வண்டியே தன்னுள் சேமித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு எடை குறைந்ததும் கொள்ளளவு மிக்கதுமான மின்கலம் தேவைப்பட்டது. பாட்டரி என நாம் வழங்கும் மின்கலங்களுள் லித்தியம் அயனி மின்கலம் அக்குறையைத் தீர்த்தது. அது 1991-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்க வழிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய அறிஞர் மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று ஓசூரை உள்ளிட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தொழிற்சாலைகளில் மின் ஸ்கூட்டர்கள் செய்யப்படுகின்றன. சென்னை மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மின்பேருந்துகளைச் சாலையில் விட்டது. சமவெளியில் இவ்வாறு பரவிய ஊர்தி மலைக்கும் வருதல் இயல்பே. ஆனால் சமவெளிக்கு ஏற்ற பழக்கங்கள் அனைத்தும் மலைக்கு ஏற்றவை ஆகமாட்டா.

மின்கலமும் குளிரும்

மார்கழித் திங்களில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் குப்பியில் உறைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெய் கெட்டுவிடவில்லை, அளவிலும் குறையவில்லை. எனினும் குப்பியைச் சாய்த்தால் அது விரைந்து வெளிவருவதில்லை. சற்றே வெயிலில் வைத்தால் மீண்டும் இளகி ஓடுகிறது. மின்கலத்தின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே.

மின்கலத்துள் இரண்டு முனைகள் உள்ளன. அவற்றினிடையே ஒரு நீர்மம் நிறைந்துள்ளது. லித்தியம் அயனிகள் அந்நீர்மத்தின் வழியாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும்போது நமக்கு மின்சாரம் கிடைக்கிறது. மின்னேற்றம் செய்யும்போது அவை வந்த வழியே திரும்பிச் செல்கின்றன. குளிர் மிகுந்தால் அந்நீர்மம் தடித்துவிடுகிறது. அயனிகளின் நடை தளர்கிறது. ஆதலின் மின்கலம் கொடுக்கும் ஆற்றலும் குறைகிறது. மின்னேற்றம் பெறும் விரைவும் குறைகிறது. வெப்பம் மீண்டால் வலிமையும் மீளும்.

உறைநிலைக்குக் கீழான கடுங்குளிரில் மட்டும் நிலைமை வேறு. அந்நிலையில் விரைவாக மின்னேற்றம் செய்தால், லித்தியம் உரிய இடத்திற்குள் நுழைய இயலாமல் முனையின் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அவ்வாறு படிந்தது பின்னர் முழுமையாக மீள்வதில்லை. அதனாலேயே கடுங்குளிர் நாடுகளில் ஓடும் கார்கள் மின்கலத்தைச் சூடாக்கிய பின்னரே விரைந்து மின்னேற்றம் பெறுமாறு அமைக்கப்பட்டுள்ளன.

ஏற்காட்டின் குளிர் அத்தகையது அன்று. பனிக்கால இரவுகளில் இங்கு வெப்பநிலை 12 அல்லது 13 டிகிரி செல்சியசு அளவுக்கு இறங்குகிறது. இதனால் மின்கலத்தின் வலிமை சிறிதளவே குறையும். உறைபனி மிக்க நார்வே நாட்டில் குளிரால் ஊர்தி ஓடும் தொலைவு ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவதுண்டு. அவ்வாறிருந்தும், அந்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கார்களே. நம் நாட்டிலும் இமாசலப் பிரதேசத்தில், மணாலியிலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாய்க்கு 2017-ஆம் ஆண்டிலேயே மின்பேருந்து விடப்பட்டது. இவற்றை நோக்க, சேர்வராயன் மலையின் குளிருக்கு அஞ்சி மின்னூர்தியைக் கைவிடுதல் வேண்டா என்பது தெளிவாகும்.

இங்கு மற்றோர் உண்மையையும் அறிதல் நலம். மின்கலத்தின் வாழ்நாளைப் பெரிதும் குறைப்பது வெப்பமே. பங்குனி, சித்திரையில் சேலத்து வெயிலில் நாள் முழுதும் நிறுத்தப்பட்ட ஊர்தியின் மின்கலம், ஏற்காட்டுக் குளிரில் நின்ற மின்கலத்தைக் காட்டிலும் விரைவில் மூப்படையும். குளிர் நம்மிடம் கடன் வாங்கும். பின்னர்த் திருப்பித் தரும். வெப்பமோ களவாடிச் செல்லும், திருப்பித் தாராது.

ஏற்றத்தின் கணக்கு

குளிர் இங்குச் சிறிதளவே கொள்ளுமாயின், மலையில் மின்சாரத்தை மிகுதியாகக் கொள்வது எது? ஏற்றமே. இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம்.

ஒரு பொருளை உயரத்திற்குத் தூக்குவதற்கு வேண்டும் ஆற்றலை அறிய, அதன் நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்குதல் வேண்டும் எனப் பௌதிக நூல் கூறும். ஒரு மின்காரின் நிறை 1,500 கிலோகிராம் எனவும், அதில் அமர்ந்துள்ள நால்வரின் நிறை 300 கிலோகிராம் எனவும் கொள்வோம். ஏறும் உயரம் 1,200 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை எளிமை கருதி 10 எனக் கொண்டால், வேண்டும் ஆற்றல் 2,16,00,000 ஜூல் ஆகும். நம் வீட்டு மின்மீட்டர் காட்டும் ஒரு யூனிட் 36,00,000 ஜூலுக்குச் சமம். எனவே சேலத்திலிருந்து ஏற்காட்டு உயரத்திற்குக் காரைத் தூக்குவதற்கு மட்டும் 6 யூனிட் மின்சாரம் செலவாகிறது.

இவ்வளவுடன் செலவு முடிவதில்லை. சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. சக்கரத்தின் உராய்வையும் காற்றின் தடையையும் வென்று அத்தொலைவைக் கடக்க நான்கைந்து யூனிட் வேண்டும். ஆகவே 30 யூனிட் கொள்ளும் மின்கலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு பயணத்திலேயே செலவாகிவிடும். சமவெளியில் இதே மின்சாரம் இதனைப்போல் இரு மடங்கு தொலைவுக்கு மேலும் காரைக் கொண்டு சென்றிருக்கும்.

இருவர் ஏறிய மின் ஸ்கூட்டரின் மொத்த நிறை 250 கிலோகிராம் எனக் கொண்டால், உயரத்திற்கு மட்டும் ஏறத்தாழ முக்கால் யூனிட்டுக்கு மேல் செலவாகும். அதன் மின்கலம் கொள்வதோ பெரும்பாலும் 3 யூனிட் அளவே. எனவே "ஒரு முறை மின்னேற்றினால் இத்துணைக் கிலோமீட்டர் ஓடும்" என்று வண்டி விற்போர் கூறும் எண்ணை மலைச்சாலைக்கு அப்படியே கொள்ளலாகாது. கிலோமீட்டரை மட்டும் எண்ணுபவன் மலையில் ஏமாறுவான். உயரத்தையும் சேர்த்து எண்ணுபவனே ஊர் போய்ச் சேர்வான்.

குளிர்காலத்தில் வேறொரு செலவும் உண்டு. பெட்ரோல் கார் தான் பருகும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் ஓட்டமாக மாற்றுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. அவ்வீண் வெப்பமே குளிர்காலத்தில் காரின் உள்ளிடத்தைச் சூடாக்க உதவுகிறது. மின்மோட்டாரோ மிகச் சிறிதளவே வெப்பத்தை வீணாக்கும். ஆதலின் மின்காரின் உள்ளிடத்தைச் சூடாக்கவும், கண்ணாடியில் படியும் ஈரத்தை நீக்கவும் மின்கலத்திலிருந்தே மின்சாரம் எடுத்தல் வேண்டும். சூடாக்கியை இடைவிடாது இயக்கினால் ஒரு மணி நேரத்திற்கு ஒரு யூனிட்டோ அதற்கு மேலோ செலவாகலாம். ஆகவே உடலைக் கம்பளி ஆடையால் காத்துக்கொண்டு, கண்ணாடியின் தெளிவுக்கு மட்டும் மின்சாரத்தைச் செலவிடுதல் அறிவுடைமை. கண்ணாடியின் தெளிவில் சிக்கனம் காட்டுதல் கூடாது. அஃது உயிரோடு தொடர்புடையது. புறப்படுமுன், ஊர்தி மின்னிணைப்பில் இருக்கும்போதே உள்ளிடத்தைச் சூடாக்கிக்கொள்வது இன்னும் நன்று.

இறக்கத்தின் நுட்பம்

சேலம் மாவட்டத்து மாணவர்க்கு மேட்டூர் அணையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையிலிருந்து காவிரி நீர் கீழே பாயும்போது சுழலிகளைச் சுழற்றி மின்சாரத்தை ஆக்குகிறது. உயரத்தில் இருக்கும் நீர் ஆற்றலைத் தன்பால் கொண்டிருத்தலின் இது நிகழ்கிறது. மலையுச்சியில் நிற்கும் ஊர்தியும் அந்நீரைப் போன்றதே.

மின்னூர்தி இறங்கும்போது சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன. மின்சாரத்தால் சுழன்ற மோட்டார் இப்பொழுது மின்சாரத்தை ஆக்கும் பொறியாக மாறுகிறது. அம்மின்சாரம் மின்கலத்துள் சென்று சேர்கிறது. அதனால் வண்டியின் வேகமும் மட்டுப்படுகிறது. இதனை மின்மீட்பு எனலாம். ஏற்காட்டிலிருந்து இறங்கும் கார் இவ்வாறு ஒன்றிரண்டு யூனிட்டைத் திரும்பப் பெறக்கூடும்.

இங்குதான் ஓர் இடர் மறைந்துள்ளது. நிரம்பிய குடத்தில் மேலும் நீரை ஊற்ற இயலுமா? மின்கலம் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தால், இறக்கத்தில் பிறக்கும் மின்சாரத்திற்கு அதில் இடமில்லை. மிகவும் குளிர்ந்த மின்கலமும் மின்சாரத்தை விரைந்து ஏற்காது. அந்நிலையில் மின்மீட்பு தானே குறைந்துவிடும். சமவெளியில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் வேகம் தணிவதைக் கண்டு பழகியவர், முதல் வளைவிலேயே வண்டி தணியாமல் செல்லக் கண்டு திகைப்பார். வண்டியைத் தடுக்கும் சுமை முழுதும் சக்கரத்துப் பிரேக்குகளின்மீது விழும். இரண்டு யூனிட் வெப்பம் என்பது ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தக்கது. அவ்வளவு வெப்பத்தையும் சிறிய பிரேக்குகள் தாங்குதல் அரிது. மிகச் சூடேறிய பிரேக்கு பிடிப்பை இழக்கும். இருபது வளைவுகளை உடைய சாலையில் பிடிப்பிழந்த பிரேக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுமோ?

ஆதலின் மலைமேல் வாழ்வோர், மறுநாள் காலையில் கீழே இறங்குவதாயின், முதல்நாள் இரவில் மின்கலத்தை நூற்றுக்கு எண்பது அளவுக்கே நிரப்புதல் வேண்டும். கீழேயிருந்து மலையேறுவோர் நூறு வரையிலும் நிரப்பலாம். ஏறுவோர்க்கு நிறைவு நன்று. இறங்குவோர்க்கு இடைவெளி நன்று. இறங்கத் தொடங்கும்போதே வேகத்தைக் குறைத்து, மின்மீட்பு மிகுதியாக உள்ள நிலையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என எண்ணி, ஊர்தியை நியூட்ரலில் இட்டு உருட்டுதல் பெருந்தவறு. அவ்வாறு செய்தால் மின்சாரமும் மீளாது, வண்டியும் அடங்காது. இலைகளும் சேறும் படிந்த ஈரச்சாலையில் முடுக்கியையும் பிரேக்கையும் மென்மையாகவே அழுத்துதல் வேண்டும்.

இடம் குறுகிய மலைச்சாலையில் இறங்கும் ஊர்தி ஓரமாக நின்று, ஏறும் ஊர்திக்கு வழிவிட வேண்டும் என்பது சாலைவிதி. சுமையோடு ஏறுபவர்க்கு முதலில் வழிவிடுதல் நம் நாட்டுப் பண்புமாகும்.

பனிமூட்டமும் ஓசையின்மையும்

மின்னூர்தியின் சிறப்புகளுள் ஒன்று, அது ஓசையின்றிச் செல்வது. காட்டின் அமைதியை அது குலைப்பதில்லை, புகையும் கக்குவதில்லை. எனினும் பனிமூட்டத்தில் அச்சிறப்பே குறையாக மாறுதலும் கூடும். மூடுபனியில் நடந்து செல்பவர் கண்ணால் காண்பதை விடக் காதால் கேட்பதையே நம்புகிறார். பேருந்தின் இரைச்சல் கேட்டதும் அவர் ஓரம் ஒதுங்குகிறார். மின்னூர்தி அருகே வரும் வரையிலும் அவருக்குப் புலப்படுவதில்லை. காப்பிப் பழம் பறிக்கச் செல்லும் அன்னையரும், பால் கொண்டு செல்லும் முதியோரும், பள்ளிக்கு நடந்து வரும் சிறுவர்களும் இச்சாலைகளில்தான் செல்கின்றனர்.

இவ்விடரை உணர்ந்தே, 2021-ஆம் ஆண்டு ஜூலை முதல் விற்கப்படும் புதிய மின்கார் ஒவ்வொன்றும் மெதுவாகச் செல்லும்போது செயற்கை ஓசை எழுப்புதல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ளது. கருவியில் ஓசை இருப்பினும் இல்லாவிடினும், ஓட்டுபவர் நெஞ்சில் கருத்து இருத்தல் வேண்டும். பனிமூட்டத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள் நிறுத்தத்தக்க வேகத்திலேயே செல்ல வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை ஒலித்தல் வேண்டும். விளக்கின் ஒளியைத் தாழ்த்தி வைத்தல் வேண்டும். உயர்த்தினால் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி ஓட்டுபவர் கண்ணையே கூசச் செய்யும். மின்சாரம் குறைந்துவிடும் என அஞ்சி விளக்கை அணைத்தல் அறியாமை. இக்காலத்து விளக்குகள் கொள்ளும் மின்சாரம் மிகச் சிறிது.

பேணும் முறை

பனிக்காலத்தில் மின்னூர்தியைப் பேணுதல் அரிய செயலன்று. ஒழுங்கான சில பழக்கங்களே போதும்.

மின்னேற்றம் செய்வதற்கு உரிய வேளையை அறிதல் முதலாவது. ஓடி வந்த ஊர்தியின் மின்கலம் சற்றே சூடாக இருக்கும். குளிர்ந்த மலைநாட்டில் அச்சூடு ஆறுமுன் மின்னேற்றத்தைத் தொடங்குதல் நன்று. சமவெளிக் கோடையிலோ சூடு ஆறிய பின்னர்த் தொடங்குதல் நன்று. இடத்திற்கேற்ப முறையும் மாறுவதைக் காண்க.

மின்னிணைப்பைப் பாதுகாத்தல் இரண்டாவது. நிலத்தொடர்பு நன்கமைந்த, 15 அல்லது 16 ஆம்பியர் தாங்கும் இணைப்பிலேயே மின்னேற்றம் செய்தல் வேண்டும். மெல்லிய நீட்டிப்புக் கம்பியைச் சன்னல் வழியாக இழுத்துவந்து பயன்படுத்துதல் தீ விபத்துக்கு வழிகாட்டும். மின்செருகியில் பனிநீரோ மழைநீரோ படிந்திருந்தால் துடைத்து உலர்த்திய பின்னரே செருக வேண்டும். ஈரக்கையால் தொடுதல் கூடாது.

ஊர்தியை நிறுத்தும் முறை மூன்றாவது. ஸ்கூட்டரை இரவில் திறந்தவெளியில் விடாது கொட்டகைக்குள்ளோ திண்ணையோரத்திலோ நிறுத்தினால் அதன் மின்கலம் மிகுதியாகக் குளிராது. பல நாள் ஓட்டாமல் வைப்பதாயின் மின்கலத்தில் ஏறக்குறையப் பாதியளவு மின்சாரம் இருக்கட்டும். வெறுமையாக விடுதல் அதற்குத் தீங்கு. விளக்கையும் பூட்டையும் இயக்கும் சிறிய 12 வோல்ட் பாட்டரியையும் மறவாது ஆய்வு செய்தல் வேண்டும். பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் சிறியது சோர்ந்ததால் புறப்படாது நின்ற ஊர்திகள் பல.

சக்கரங்களையும் பிரேக்குகளையும் நோக்குதல் நான்காவது. குளிரால் டயரிலுள்ள காற்றின் அழுத்தம் குறையும். ஆதலின் காலையில் ஓட்டத் தொடங்குமுன் அதனை அளந்து சரிசெய்க. மின்மீட்பினால் பிரேக்குகளுக்கு வேலை குறைவு. ஈரக்காற்று மிக்க மலையில் அவை துருப்பிடித்தலும் உண்டு. இடையிடையே பிரேக்கை அழுத்திப் பயன்படுத்தி அவற்றைத் தூய்மையாக வைத்தல் வேண்டும். மலைப்பாதைக் கற்கள் வண்டியின் அடிப்பகுதியில் மோதினால், மின்கலப் பெட்டிக்கு ஊறு நேர்ந்துள்ளதா என அறிந்தவரிடம் காட்டுதல் வேண்டும். தாமே அதனைத் திறத்தல் ஆகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஊர்தியுடன் தரப்படும் கையேட்டை ஒரு முறையேனும் முழுதும் படித்தல் வேண்டும்.

அளவறிதல்

2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் சேர்வராயன் மலையில் பெருமழை பெய்தது. ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்தது, போக்குவரத்து தடைப்பட்டது. அத்தகைய நாளில் குப்பனூர் வழியாகச் சுற்றிச் செல்ல நேரும். மழையாலும் காற்றாலும் மின்கம்பிகள் அறுந்து, ஊரில் மின்சாரம் நிற்றலும் உண்டு.

மஞ்சக்குட்டையில் ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒருவர்க்குக் கடுநோய் கண்டதெனக் கொள்வோம். அவரைச் சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை, நேர்வழியும் அடைபட்டுள்ளது. வாயிலில் நிற்கும் மின்காரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமே இருக்குமாயின் வீட்டார் கையற்று நிற்பர். பாதிக்குக் குறையாமல் இருக்குமாயின் அக்கார் சுற்றுவழியிலும் சென்று உயிரைக் காக்கும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு, முதல்நாள் மாலையில் ஒருவர் ஐந்து நிமிடம் செலவிட்டு மின்செருகியைச் செருகியதும் செருகாததுமே ஆகும்.

பழங்காலத்தில் மலையேறிய வண்டிக்காரர், எருதுக்கு வேண்டும் வைக்கோலையும் தண்ணீரையும் மாலையிலேயே ஆயத்தம் செய்வர். ஏற்றத்தில் அதற்கு இளைப்பாறல் தருவர். இறக்கத்தில் சக்கரத்திற்குத் தடைக்கட்டை இடுவர். சுமையின் அளவும் எருதின் அளவும் வழியின் அளவும் அவர்க்குத் தெரியும். ஊர்தி மாறினும் இந்த அறிவு மாறுவதில்லை. மலைநாட்டில் மின்னூர்தி வைத்திருப்போர் பனிக்காலத்திலும் மழைக்காலத்திலும் பாதிக்குக் கீழே மின்கலத்தை இறங்கவிடாதிருத்தலை ஒரு நெறியாகக் கொள்வாராக.

மாணவர்களே, கார் ஓட்டும் உரிமம் பதினெட்டு வயது நிரம்பிய பின்னரே உங்களுக்குக் கிடைக்கும். அதுவரையிலும் நீங்கள் ஊர்தியில் உடன் செல்பவர்களே. எனினும் வீட்டில் மின்செருகியைச் செருக நினைவூட்டலாம். உயரத்தைக் கணக்கிட்டுத் தேவையான யூனிட்டைச் சொல்லலாம். வளைவில் ஒலிப்பானை ஒலிக்கச் சொல்லலாம். பனியில் நடந்து வருபவரை முதலில் கண்டு காட்டலாம். இவற்றைச் செய்யும் மாணவர், நாளை ஓட்டுநரின் இருக்கையில் அமரும்போது பிறர் உயிரையும் தம் உயிரெனக் கருதும் நல்ல ஓட்டுநராவர்.

பயிற்சி வினாக்கள்

1. குளிர் மின்கலத்தின் வலிமையை எவ்வாறு குறைக்கிறது? தேங்காயெண்ணெயைக் கொண்டு விளக்குக.

2. "ஏறுவோர்க்கு நிறைவு நன்று, இறங்குவோர்க்கு இடைவெளி நன்று" – காரணம் காட்டி விளக்குக.

3. 1,200 கிலோகிராம் நிறையுள்ள ஊர்தி 900 மீட்டர் உயரம் ஏறுவதற்கு, உயரத்தின் பொருட்டு மட்டும் எத்தனை யூனிட் மின்சாரம் வேண்டும்?

4. பனிமூட்டத்தில் மின்னூர்தியைச் செலுத்துவோர் நடந்து செல்வோர்க்குச் செய்ய வேண்டிய கடமைகள் யாவை?

5. உங்கள் ஊரிலிருந்து அண்மையிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் வழிகளை ஆராய்ந்து, அவற்றின் தொலைவையும் ஏற்ற இறக்கத்தையும் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.